நடந்தும் எடை குறையவில்லையா? – உடல் பருமன், கொலஸ்ட்ரால், உடற்பயிற்சி: கேள்வி பதில்

வயது 46, உயரம் 168 செ.மீ. மூன்று மாதமாக ஒரு நாள்கூட விடாமல் காலையில் அரை மணி நேரம் வாக்கிங் போகிறேன். 94 கிலோ இருந்தவன் 92.5 கிலோதான் ஆகியிருக்கிறேன். மொத்த கொலஸ்ட்ரால் 244 இருந்தது 229, எல்.டி.எல். 162 இருந்தது 158, எச்.டி.எல். 34 இருந்தது 36, ட்ரைகிளிசரைடு 240 இருந்தது 176. கெட்ட கொழுப்பு அசையவே இல்லை. வாக்கிங் வீண்தானா?
– வாசகர், திருப்பூர்

வீண் இல்லை. ரிப்போர்ட்டில் நீங்கள் தாண்டிப் போன வரியில்தான் பலன் இருக்கிறது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 64 புள்ளி இறங்கியிருக்கிறது. மூன்று மாத நடைக்கு இது நல்ல இறக்கம்.

உடற்பயிற்சி எல்லாக் கொழுப்பையும் ஒரே மாதிரி குறைக்காது. தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. ரத்தத்தில் மிதந்து வரும் ட்ரைகிளிசரைடை உடைத்து, தசை எரிப்பதற்குக் கொடுப்பது அதன் வேலை. தசை வேலை செய்தால் அந்த நொதி சுறுசுறுப்பாகிறது. அந்தச் சுறுசுறுப்பு ஒன்று, இரண்டு நாள்தான் நிற்கும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மூச்சு முட்ட நடப்பவருக்கு ட்ரைகிளிசரைடு மறுபடி ஏறிவிடுவதும், தொடர்ச்சியாக இரண்டு நாள் இடைவெளி விடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு மெதுவாகத்தான் ஏறும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் உடற்பயிற்சியால் கிடைப்பது சராசரியாக 2 முதல் 3 மி.கி. உயர்வு. உங்களுடைய 2 புள்ளி அந்தக் கணக்கில் சரியாக விழுகிறது. இந்தியர்களுக்கு எச்.டி.எல். குறைவாக இருப்பது மிகப் பரவலான சங்கதி. தமிழ்நாட்டையும் சேர்த்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எடுத்த ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வில் (2014) 100 பேரில் 72 பேருக்கு அது குறைவாக இருந்தது.

கெட்ட கொழுப்பான எல்.டி.எல். கதை வேறு. அதை ரத்தத்திலிருந்து அள்ளி எடுப்பது கல்லீரல். அந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைப் பரம்பரை, தைராய்டு, சாப்பாட்டில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு ஆகியவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. நடைக்கு அதில் பங்கு சின்னது. 158ஐ இறக்க வேண்டுமானால் நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய்ப்பால், கொழுப்புள்ள ஆட்டிறைச்சி ஆகியவற்றைக் குறைத்து, ஓட்ஸ், பயறு, காய்கறி வழியாக நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் உங்கள் பிபி, சுகர், புகைப்பழக்கம், குடும்ப வரலாறு எல்லாம் பார்த்துச் சொல்வார். அதற்காக நடையைக் குறை சொல்ல வேண்டாம்.

இனி எடை. சமதரையில் நடக்கும்போது, சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாவதற்கு மேல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் அரை கலோரி செலவாகிறது. நிதானமாக அரை மணி நடந்தால் 2 கி.மீ. வரும். 94 கிலோவுக்கு 94 கலோரி. 90 நாளைக்கு 8,460. ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது ஏறக்குறைய 7,700 கலோரி. ஆக, கணக்குப்படி குறைய வேண்டியது 1.1 கிலோ, நீங்கள் 1.5 கிலோ குறைத்திருக்கிறீர்கள். உடல் உங்களை ஏமாற்றவில்லை. நடந்துவிட்டு வரும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் எடுத்தால் அன்றைய 94 கலோரி அங்கேயே போய்விடும், அதற்கு மேலும் சேரும்.

கூட்ட வேண்டியது வேகமும் நேரமும். ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100 அடி. அதுதான் ‘மிதமான’ நடையின் தொடக்கம். 20க்குக் கீழே இருந்தால் அது உலாவல். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும்.

முதல் இரண்டு வாரம் அதே 30 நிமிடம், ஆனால் இந்த வேகத்தில். அதன்பின் வாரத்துக்கு 5 நிமிடம் வீதம் கூட்டி 50 நிமிடத்துக்குக் கொண்டுபோங்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 300 நிமிடம். காலையில் 30, மாலையில் 20 என்று பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான். சாப்பாட்டை மாற்றாமல் வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தால் 2, 3 கிலோ குறையலாம். 225 முதல் 420 நிமிடத்துக்குப் போனவர்களுக்கு 5 முதல் 7.5 கிலோ வரை குறைந்திருக்கிறது என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009ல் தொகுத்துச் சொன்னது. இதோடு தினம் 300 கலோரி சாப்பாட்டைக் குறைத்தால் (இரவில் இரண்டு தோசை குறைவு, டீயில் சர்க்கரை இல்லை) மூன்று மாதத்தில் ஏறக்குறைய 3 கிலோ கூடுதலாக இறங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2002ல் வெளியானது. அதிக எடையும் கொலஸ்ட்ரால் கோளாறும் கொண்ட, உடலை அசைக்காமல் இருந்த 111 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரத்துக்கு 32 கி.மீ. மெல்லோட்டத்துக்குச் சமமான பயிற்சியும், இரண்டு குழுக்களுக்கு 19 கி.மீ. அளவும் (ஒன்றுக்கு மெல்லோட்டம், இன்னொன்றுக்கு நடை) கொடுத்தார்கள். எடையைக் குறைக்காதீர்கள் என்று சொல்லியே கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து, மொத்த எல்.டி.எல். அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் ரத்தக் குழாய்க்கு ஆபத்தான சின்னச் சின்ன எல்.டி.எல். துகள்கள் குறைந்தன; மிக அதிகமாகப் பயிற்சி செய்தவர்களுக்கே பலனும் மிக அதிகம். எவ்வளவு தீவிரமாகச் செய்தோம் என்பதைவிட வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு செய்தோம் என்பதே முக்கியம் என்று அதில் தெரிந்தது. எடைக்கருவி அசையாத வாரங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 52 வயது, 82 கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்கிறார்கள். மொட்டை மாடியில் 8 போட்டு நடந்தால் எல்லாம் சரியாகும் என்று தங்கை சொல்கிறாள். நடந்தால் அன்று இரவு தூக்கமே இல்லை, அப்படி ஒரு வலி. நான் எப்படி எடையைக் குறைப்பது?
– வாசகி, மதுரை

8 நடையில் மந்திரம் எதுவும் இல்லை, அதுவும் நடைதான். சின்ன இடத்தில் திரும்பித் திரும்பி நடக்கும்போது வேகம் குறையும், ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். தேய்மானம் உள்ள மூட்டுக்கு நேர்வழியே நல்லது. மாடிதான் வசதி என்றால் சுவரோரமாகப் பெரிய வட்டமாகப் போங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் வேண்டாம், குதிகால் பிடிப்புள்ள ஷூ போடுங்கள்.

வலி இருந்தால் பயிற்சியே கூடாது என்பதும் சரியில்லை. பத்துக்கு மூன்று, நான்கு மதிப்பெண் அளவுக்கு வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. இரவெல்லாம் வலித்தால், மூட்டு வீங்கினால், அளவு அதிகம், பாதியாக்குங்கள். 30 நிமிட நடையை 10 நிமிடமாக மூன்று வேளைக்குப் பிரித்தாலே பலருக்கு இரவு வலி அடங்கிவிடும்.

மூட்டுக்குப் பாரம் ஏறாமல் கலோரி செலவழிக்க நிலையான சைக்கிள் மிக ஏற்றது. இருக்கையின் உயரம்தான் இங்கே சூட்சுமம். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கி, சில்லுக்குப் பின்னால் வலிக்கும். ‘சைக்கிள் எனக்கு ஒத்துக்கலை’ என்று நிறுத்துபவர்கள் பலருக்குக் காரணம் இதுதான். 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். மார்பளவு தண்ணீரில் நடக்க நீச்சல் குளம் கிடைத்தால் அதுவும் நல்லது.

இத்துடன் தொடைத் தசையைப் பலப்படுத்தாமல் விடக் கூடாது. கையில்லாத உறுதியான நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முன் ஓரத்துக்கு வந்து உட்காருங்கள். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும் அளவுக்கு உடம்பை முன்னால் சாய்த்து, குதிகாலை அழுத்தி எழுங்கள். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பயிற்சியில் பாதி போயிற்று, மூட்டுக்கும் அடி. எழும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கம் ஒட்டுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள்; ஒட்டினால் முழங்காலுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணையை, நழுவாத அளவுக்கு மட்டும், பிடித்துக்கொண்டு எழுந்து பழகுங்கள். 8 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8. ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறும் பாரத்தில் ஏறக்குறைய 4 கிலோவைக் குறைக்கிறது. 5 கிலோ குறைந்ததும் உங்கள் கால் அதைச் சொல்லும்.

தொப்பை மட்டும் குறைய என்ன பயிற்சி?
– வாசகர், நாகர்கோவில்

தனியாக ஒன்றும் இல்லை. வயிற்றை மடக்கி எழும் பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும். அதன் மேலே கிடக்கும் கொழுப்பை அது எடுக்காது. எந்தத் தசை வேலை செய்தாலும் கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும் ரத்தம் வழியாகத்தான் வருகிறது. அதிரும் பெல்ட்டும் கொழுப்பை எடுக்காது. வியர்க்க வைக்கும் பெல்ட் தண்ணீரை மட்டும் வெளியேற்றும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும்.

ஆறுதல் என்னவென்றால், குடலைச் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்பு வேக நடைக்கு நன்றாகவே கரையும். எடை அதிகம் குறையாவிட்டாலும்கூடக் கரையும். ஆகவே இஞ்ச் டேப்பை எடுங்கள். விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். தொப்புளில் அளந்தால் தொப்பை தொங்கும் அளவைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே ஆள் அளக்கட்டும்.

29 வயது, 108 கிலோ. ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே குதிக்கச் சொல்லி, ஓடச் சொல்லி, 20 நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். திரும்பப் போகவே பயமாக இருக்கிறது. ‘வெயிட் தூக்கினால்தான் கொழுப்பு கரையும், வாக்கிங் எல்லாம் வயசானவங்களுக்கு’ என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

தப்பு உங்கள் மேல் இல்லை. பயிற்சி இல்லாத 108 கிலோ உடம்பைக் குதிக்க வைத்தால் இதயமும் மூட்டும் ஒன்றாகத் திணறும். வாந்தி வருவது அளவு மீறியதற்கு அடையாளம். அதை வீரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெயிட்டா, நடையா என்பதை நேருக்கு நேர் பார்த்த ஆய்வு உண்டு. மேலே சொன்ன டியூக் குழுவே 2012ல் வெளியிட்டது. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குத் தசை கூடியது. கொழுப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. நடை, சைக்கிள் போன்ற மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் கொழுப்பு குறைந்தது. இரண்டையும் செய்தவர்களுக்குத் தசையும் கூடிக் கொழுப்பும் குறைந்தது, ஆனால் நேரம் இரட்டிப்பானது. ஆகவே கொழுப்புக்கு நடை. சாப்பாட்டைக் குறைக்கும் காலத்தில் தசை கரையாமல் காக்க எடைப் பயிற்சி. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நாங்கள் நடையைத்தான் சொல்வோம்.

முதல் எட்டு வாரம்: டிரெட்மில்லில் 20 நிமிடம், மணிக்கு 4.5 அல்லது 5 கி.மீ., ஓட்டம் கிடையாது. வேகம் பழகியதும் ஓடுவதற்குப் பதில் சரிவை 2, 3 சதவீதம் ஏற்றுங்கள். மூட்டுக்கு அதிர்ச்சி இல்லாமல் இதயத்துக்கு வேலை கிடைக்கும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நடந்தால் மானிட்டர் காட்டும் கலோரி பொய்யாகிவிடும். நாடித் துடிப்பைப் பார்ப்பதென்றால், 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். உங்களுக்கு 188 வரும். அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது 120க்கும் 143க்கும் இடையே இருந்தால் போதும்.

திங்கள், வியாழன் எடைப் பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், ரெசிஸ்டன்ஸ் பேண்டை மார்புக்கு இழுத்தல், 15 செ.மீ. படி ஏறி இறங்குதல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். 12ஆவது முறையும் சிரமமில்லாமல் வந்தால் பாரம் போதவில்லை. இரண்டு சுற்றிலும் 12 வந்துவிட்டால், தண்டாலில் சுவரை விட்டு மேசை விளிம்புக்கு, பின் தரைக்கு என்று இறங்குங்கள். தூக்கும்போது மூச்சை விட வேண்டும். பலர் பல்லைக் கடித்து மூச்சை அடக்குகிறார்கள். அந்த நொடியில் பிபி எகிறும்.

விட்டு விட்டு வேகமாகச் செய்யும் தீவிரப் பயிற்சியை மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். நேரம் மிச்சமாகும், இதயத் திறன் கூடும். கொழுப்புக் குறைப்பில் மிதமான பயிற்சியைவிட அது பெரிதாக மேல் இல்லை.

கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். வாக்கிங் ஆரம்பித்த பிறகு கால் வலிக்கிறது. மாத்திரையால்தான் என்று நெட்டில் படித்து நிறுத்திவிட்டேன். இனி பயிற்சி மட்டும் போதுமா?
– வாசகி, சேலம்

போதாது. மாத்திரை குறைப்பது எல்.டி.எல்.லை; நடை குறைப்பது ட்ரைகிளிசரைடையும் தொப்பையையும். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. மருத்துவரிடம் பேசாமல் நிறுத்தியதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். கோபிப்பார் என்று மறைக்க வேண்டாம்.

வலி எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். புதுப் பயிற்சியால் வரும் வலி மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் தானே போகும், தொட்டால் வலிக்கும். மாத்திரையால் வருவது பெரும்பாலும் இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு கெண்டைக்காலிலும் ஒரே மாதிரி, நடக்காத நாளிலும் இருக்கும். மூன்றாவது வகைதான் அவசரமானது: குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, சில நிமிடம் நின்றதும் விட்டுவிடும். மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். அது கால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு ஸ்டாட்டின் மாத்திரை மிக அவசியம்.

மருத்துவர் சி.பி.கே. என்ற தசை நொதியையும் தைராய்டையும் பார்க்கச் சொல்வார். தைராய்டு குறைந்தாலும் தசை வலிக்கும், எல்.டி.எல்.லும் ஏறும். சி.பி.கே. டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் மூன்று நாள் கடும் பயிற்சி வேண்டாம். பயிற்சியாலேயே அது ஏறி, மாத்திரை மேல் வீண்பழி விழும். மாத்திரைதான் காரணம் என்றாலும் அளவைக் குறைக்க, வேறு மாத்திரைக்கு மாற்ற வழி இருக்கிறது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். பெருக்குவது, துவைப்பது, மாடி ஏறி இறங்குவது... இதுவே பயிற்சிதானே? ஏன் 86 கிலோவிலேயே நிற்கிறேன்?
– வாசகி, விழுப்புரம்

உழைப்பு உழைப்புதான்; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் வீட்டு வேலை இரண்டு நிமிடம், மூன்று நிமிடமாகத் துண்டு துண்டாக வருகிறது. பெரும்பாலும் மூச்சு வாங்கும் வேகத்துக்குப் போவதில்லை. உடம்பும் அதற்குப் பல வருடமாகப் பழகிவிட்டது. இப்போது இருக்கும் எடை, அந்த வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நிற்கும் எடை. குறைய வேண்டுமானால் அதற்கு மேல் கூடுதலாக ஒன்று வேண்டும்.

தனியாக ஒரு மணி நேரம் கிடைக்காது என்பது தெரியும். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் தலா 12, 15 நிமிடம் தெருவில் வேகமாக நடந்து வாருங்கள். பாத்திரம் அரை மணி கழித்துத் தேய்க்கலாம், அல்லது வீட்டில் வேறு யாராவது தேய்க்கட்டும். சாப்பிட்டபின் நடப்பதால் சுகர் ஏற்றமும் அடங்கும். வாரத்துக்கு 250 நிமிடத்துக்கு மேல் சேர்ந்துவிடும்.

நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தின் 8 கி.மீ. பாதையில் மாதம் ஒரு ஞாயிறு நடக்கிறேன். போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

மாதம் ஒரு நாள் போதாது. 2023ல் மாவட்டந்தோறும் அமைத்த அந்தப் பாதைகள் நல்ல வசதி. அதே பாதையில் 3 கி.மீ. வாரம் ஐந்து நாள் நடந்தால் கொலஸ்ட்ராலுக்குப் பலன் கிடைக்கும். பழக்கமில்லாமல் ஒரே நாளில் 8 கி.மீ. போனால் அதிக எடை உள்ளவர்களுக்குக் குதிகால் வலிதான் மிஞ்சும்.

சுகருக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு அதிகம் கரையும் என்கிறார்களே?
– வாசகர், வேலூர்

நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். வெறும் வயிற்றில் நடக்கும் நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் அதிகம் எரிவது உண்மைதான்; நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் நிற்பதில்லை. ஆனால் கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு லோ சுகர் வரும். நடக்கும் முன் 90க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுக் கிளம்புங்கள். 250க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை என்றால் அன்று நடை வேண்டாம். சட்டைப் பையில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள். ‘வீடு பக்கத்தில்தானே’ என்று நடக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் வந்தது தெரியாமலே போகலாம்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் எல்லோருமே அங்கேயே நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்.

பயிற்சி ஆரம்பித்த பின் எப்போது கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கலாம்?
– வாசகி, காரைக்குடி

12 வாரம் கழித்து. 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்து, முதல் தடவை கொடுத்த அதே லேபில். முதல் நாள் நீண்ட நடை போயிருந்தால் ட்ரைகிளிசரைடு தற்காலிகமாகக் குறைந்து காட்டும். கல்யாண விருந்து சாப்பிட்டிருந்தால் ஏறிக் காட்டும். முந்தைய இரண்டு மூன்று நாள் எப்போதும்போல் இருங்கள். காய்ச்சல் வந்து போயிருந்தால் சில வாரம் தள்ளிப் போடுங்கள்.

பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. நேரடியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.